வடக்கு அறைக் கதவில் எழுதிய கண்டம்

தலைவரே, விழா மலரில் நீ எழுதியிருப்பது பொய். தெரியாமல் எழுதியதாக இருந்தால் விட்டுவிடுவேன். தெரிந்தே எழுதியிருக்கிறாய்.

'நீ' என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஊருக்கு நீ பழைய மாணவர் சங்கத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை மேடையில் உனக்குச் சால்வை போடுவார்கள். எனக்கு நீ அஞ்சாம் வகுப்பு லீடர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைத்து அடி வாங்கிக் கொடுத்தவன்.

பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். இடிப்பதற்கு முன்னால் ஒரு விழா, அதற்கு ஒரு மலர். அதில் கட்டடத்தின் வரலாறும் அமைப்பும் என்று நான்கு பக்கம் உன் பெயரில் வந்திருக்கிறது. வளைவு, தூண், தேக்கு விட்டம் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. 'ஒரு மழைக்காலத்தில் வடக்கு அறையின் கூரை சரிந்தபோது, தடையை மீறி உள்ளே சென்ற மாணவி ஒருவர் காயமடைந்தார்.'

அந்த மாணவி என் பெரியப்பா மகள். என்னைவிட நாலு மாதம் மூத்தவள். நாலு மாதம்தான் என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் நானும் ஒரே பெஞ்சு. அவள் எந்தத் தடையையும் மீறவில்லை. அது உனக்குத் தெரியும்.

என்னோடு படித்தவர்களே, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நீங்களும் அன்றைக்கு அங்கேதான் இருந்தீர்கள். பாதிப் பேர் செத்துப்போனீர்கள். மீதிப் பேருக்குச் சர்க்கரை, முட்டிவலி, பேரப்பிள்ளைக்கு வரன். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட வசதியான வயசு. எனக்கு ஞாபகம் இருக்கிறது. கட்டடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மலரில் 'கலைநயம் மிக்க கட்டடம்' என்று போட்டிருக்கிறது. கலைநயமாவது ஒன்றாவது. அது ஜமீன் காலத்தில் குடியானவனிடம் நெல் அளந்து வாங்குவதற்காகக் கட்டிய கச்சேரி. அதனால்தான் தரையிலிருந்து அவ்வளவு உயரம், அவ்வளவு படி. கீழேயிருந்து ஏறி வருகிறவன் மூச்சு வாங்கிக்கொண்டே பேச வேண்டும் என்று கட்டியது. ஜமீன் போன பிறகு சும்மா கிடந்த இடத்தில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஊரில் கச்சேரிப் பள்ளிக்கூடம் என்றுதான் பெயர். ஜெயங்கொண்டத்திலிருந்து உடையார்பாளையம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் 'கச்சேரி இறங்கு' என்றால் நாங்கள் இறங்குவோம்.

முன்னால் மூன்று வளைவு, நாலு உருண்டைத் தூண். சித்திரை வெயிலில் தூணைக் கட்டிப்பிடித்தால் வயிறு குளிரும். சுண்ணாம்பில் வெல்லமும் கடுக்காயும் போட்டுப் பூசியிருக்கிறது என்று யாரோ சொல்ல, நாங்கள் வரிசையாக நின்று சுவரை நக்கிப் பார்த்தோம். கரித்தது. அக்கா மட்டும், "இங்க இல்லடி, மேல இருக்கும் வெல்லம். கீழ எல்லாத்தையும் நமக்கு முன்னால படிச்சவங்க நக்கிப்புட்டாங்க" என்றாள். அவள் அப்படித்தான் பேசுவாள்.

சுவர் அவ்வளவு அகலம். ஜன்னல் குழிக்குள் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே காலை மடக்கி உட்காரலாம். கூரைக்குத் தேக்கு விட்டங்கள், விட்டத்துக்கு மேல் கட்டைகள், அதற்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்டு அடைத்த மட்டக் கூரை. மல்லாந்து படுத்தால் செங்கல் எல்லாம் சாய்வாக, மீன் செதில் மாதிரி தெரியும். நடுவில் பெரிய கூடம். மூங்கில் தட்டி வைத்து அஞ்சாகப் பிரித்து அஞ்சு வகுப்பு. ஒன்றாம் வகுப்பு அ, ஆ என்று கத்தும்போது அஞ்சாம் வகுப்பில் வாய்பாடு தப்பிப்போகும்.

கூடத்தின் வடக்கே ஒரே ஒரு அறை. ஜமீன் காலத்தில் அதுதான் பெட்டகம் வைத்திருந்த அறையாம். ஜன்னல் கிடையாது. உயரத்தில் கை நுழையாத அளவுக்கு ஒரு வெளிச்சத் துவாரம். இரும்புப் பட்டை அடித்த ஒற்றைக் கதவு. வாசல்படி ஒரே கல். அந்தக் கல்லுக்குள் கல்லாகவே ஆகிப்போன நத்தை ஒன்று சுருண்டு கிடக்கும். எங்கள் பக்கத்துக் கல்லில் கடல் நத்தையும் சிப்பியும் இருப்பது அரியலூர்க்காரர்களுக்குப் புதுசு இல்லை. இப்போது அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அப்போது எங்களுக்கு அது கால் வைத்துச் சுற்றுகிற கல். அக்கா அந்தச் சுருளின் நடுவில் குதிகாலை வைத்து, பாவாடை குடை மாதிரி விரிய ஒரே மூச்சில் ஏழு சுற்றுச் சுற்றுவாள். நான் மூன்றில் விழுந்துவிடுவேன்.

அந்த அறையில்தான் தேசப்படங்கள், தராசு, எலும்புக்கூட்டுப் படம், உலக உருண்டை எல்லாம் இருந்தன. உலக உருண்டையை ஆண்பிள்ளைகள் மட்டும் தொடலாம். ஏன் என்று கேட்டால் ஹெட்மாஸ்டர், "பொட்டப் புள்ளைங்க ஒடச்சிப்புடுவீங்க" என்பார். உடைத்ததெல்லாம் பையன்கள்தான். தென் அமெரிக்கா பக்கம் நசுங்கியிருந்தது. அக்காவுக்கு அந்த உருண்டையின் மேல் ஒரு கிறுக்கு. "அதுல நம்ம ஊரு எங்கடி இருக்கும்? ஒரு நாளு பாத்துப்புடணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நம்ம ஊர் அதில் இருக்காது என்று அப்போது எனக்கும் தெரியாது.

வடக்கு அறையின் சாவி லீடரிடம் இருக்கும். ஒரு சாண் நீளம், இரும்பு. உன்னிடம்தான் இருந்தது, தலைவரே. டிராயர் பையில் போட்டால் பை கிழிந்துவிடும் என்று உன் அம்மா அதை உன் அரைஞாண் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டு விட்டிருந்தார். நீ நடந்தால் தொடையில் இடித்துக்கொண்டே வரும். சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிவாய். இதை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கூரையின் கைப்பிடிச் சுவரில் சில வருஷங்களுக்கு முன்பே ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. சின்னதாக இருந்தபோதே பிடுங்கியிருந்தால் ஒரு கையால் வந்திருக்கும். பெரியப்பாதான் விடவில்லை. "அரசு, தானா மொளச்சிருக்கு. அதப் புடுங்குனா ஊருக்கு ஆவாது" என்றார். ஊரில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. கன்று மரமாகி, வேர் கூரைக்குள் இறங்கி, வேர் வழியாகத் தண்ணீர் இறங்கியது. தேக்கைக் கரையான் தின்னாது என்பார்கள். தண்ணீர் தின்னும். சுவருக்குள் புதைந்திருந்த விட்டத்தின் முனை எப்படி இருக்கிறது என்று யார் கண்ணுக்கும் தெரியாது.

யாரோ மனுப் போட்டு, யூனியன் ஆபீஸிலிருந்து ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். வடக்கு அறைக்குள் போய் குடை நுனியால் மேலே இரண்டு தட்டுத் தட்டினார். அவர் சட்டை முழுக்கச் சுண்ணாம்பு கொட்டியது. அவசரமாக வெளியே வந்து உதறிக்கொண்டார்.

"சார், வடக்கு ரூம் கண்டம். கதவுல எழுதிப் போட்டுருங்க. நான் மேல எழுதி அனுப்புறேன்."

"சரிங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

பியூன் தார் டப்பாவைக் கொண்டுவந்து கதவில் பெரிசாக எழுதினார். கண்டம். அவ்வளவுதான். பூட்டி வை என்று எழுதவில்லை. உள்ளே போகாதே என்று எழுதவில்லை. நாங்கள் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தோம். மணி அடித்ததும் நான்தான் முதலில் ஓடினேன். களத்தில் நின்றிருந்த பெரியப்பாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

"பெரியப்பா, பள்ளிக்கூடத்துக்குக் கண்டமாம். ஓவர்சியர் சொல்லிட்டுப் போனாரு. கதவுலயே எழுதிட்டாங்க."

இந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை.

பெரியப்பாவுக்குக் கண்டம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். அவர் ஜாதகத்திலேயே தண்ணீரில் கண்டம் என்று இருந்தது. கிணற்றுப் பக்கம் போகமாட்டார். ஏரிக் கரையில் நடக்கும்போது கரையின் வெளிப்பக்கமாகவே நடப்பார். மனுஷனுக்குக் கண்டம் வரும், மாட்டுக்கு வரும். கட்டடத்துக்கு வருமா? அரசாங்கத்து ஆளே வந்து சொல்லியிருக்கிறாரே. அன்றைக்கே ஜோசியரை வரவழைத்துவிட்டார்.

"சாதகம் இல்லாம எப்புடிங்க பாக்குறது?" என்றார் ஜோசியர். "தலவாசல் வச்ச நாளாச்சும் தெரியுமா?"

"ஜமீன்ல கட்டுனது. நாளு யாருக்குத் தெரியும்?"

"அப்ப ஊரு பேரு ராசிக்குத்தான் பாக்கணும்."

"பாருங்க. புள்ளைவோ படிக்கிற எடம்."

ஜோசியர் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். கார்த்திகை பிறக்கும்வரை கண்டம் இருக்கிறது, பூசணிக்காய் உடைத்து, சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் பால் காய்ச்சினால் கழிந்துவிடும் என்றார். கூட நின்ற ஒருவர், "ஓவர்சியருக்குச் சோசியமும் தெரியுமாட்டம் இருக்கு. குடையால தட்டியே சொல்லிட்டாரே" என்றார். பெரியப்பா முறைத்தார். "படிச்சவன் சொல்லுறான். நீ வாய மூடு."

சிரிக்காதீர்கள். அல்லது சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்திருப்பேன், அங்கே கிடந்தது வேறு யாராவதாக இருந்தால்.

கார்த்திகை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை காலையில் ஊரே வந்தது. பெரியப்பா ஹெட்மாஸ்டரிடம் போய்க் கேட்டார். "சார், இதுல ஒங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபன இல்லியே?"

"ஊருக்கு நல்லதுன்னா செய்யிங்க" என்றார் ஹெட்மாஸ்டர். இன்ஸ்பெக்சன் வரப்போகிற நேரம். ஊரே சேர்ந்து சும்மா வெள்ளையடித்துக் கொடுக்கிறது என்றால் அவருக்கு ஏன் கசக்கும்? அவர் திருச்சியில் படித்தவர். ஓவர்சியர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் அன்றைக்குச் சுண்டலை இரண்டு தடவை கை நீட்டி வாங்கித் தின்றதை நான் பார்த்தேன்.

அறைக்குள் வெள்ளையடித்தார்கள். கூரையின் ஈரத் திட்டுகள் எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டன. பெரியப்பா தன் கையாலேயே மண்ணெண்ணெய் போட்டுக் கதவிலிருந்த தார் எழுத்தைத் தேய்த்து அழித்தார். அரை நாள் ஆனது. எழுத்து போன இடத்தில் மஞ்சள் தடவி மூன்று குங்குமப் பொட்டு வைத்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "மொதல்ல நீ உள்ள போயிட்டு வாடா தங்கம்" என்றார். பொம்பளைப் பிள்ளை முதலில் காலெடுத்து வைத்தால் லட்சுமி வருவாள் என்று. அவள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என் காதில், "உருண்டைய ஓரமா வச்சிருக்காங்கடி. தூசியா கெடக்கு" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து இன்ஸ்பெக்சன். அதிகாரி பதினொரு மணிக்கு வருவார் என்று எல்லோருக்கும் எண்ணெய் வைத்துத் தலைவாரி உட்கார வைத்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் மேசையைத் துடைத்துவிட்டு, "டேய் லீடர், அந்த உலக உருண்டைய எடுத்தாடா" என்றார்.

நான் ஜன்னல் குழிக்குள் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து வடக்கு அறை வாசல் நேராகத் தெரியும். அக்கா அந்த வாசலில், தீப்பிடித்தால் அணைக்க என்று வைத்திருந்த மணல் வாளியை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். நீ வந்தாய், தலைவரே. சட்டையைத் தூக்கி, அரைஞாணில் இருந்த முடிச்சை நகத்தால் கிளறி, பல்லுக்கு எட்டாது என்பதால் திட்டிக்கொண்டே அவிழ்த்தாய். பூட்டைத் திறந்தாய். கதவைத் தள்ளினாய். உள்ளே சொட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. நீ நத்தைக் கல்லைத் தாண்டவில்லை.

"ஏய், நீ போயி எடுத்தா" என்றாய்.

"என்னா?"

"உருண்டய."

"நெசமாவா? நான் தொடலாமா?"

"தொட்டுக்க. சீக்கிரம் வா."

அவள் முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். நத்தைக் கல்லில் குதிகாலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

இடி மாதிரி எல்லாம் கேட்கவில்லை. நெல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிப் போடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கதவு வழியாக வெள்ளைப் புகை மாதிரி சுண்ணாம்புத் தூசி வந்து கூடத்தை மூடியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

முந்திரித் தோப்பிலிருந்து ஆட்கள் ஓடி வந்து விட்டத்தைத் தூக்கினார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போன லாரியை மறித்து அவளை ஏற்றினார்கள். முதலில் ஜெயங்கொண்டம், அங்கிருந்து தஞ்சாவூர். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உலக உருண்டையை யாரும் தேடவில்லை. இடிபாட்டை அள்ளிக் குளத்தங்கரையில் கொட்டியபோது நீலத் தகரம் ஒன்று கிடந்தது. அதற்குள் மழைத் தண்ணீர் நின்றது.

நாலாம் நாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து விசாரித்தார்.

"கண்டம்னு எழுதிப் போட்டிருந்தோம் சார்" என்றார் ஹெட்மாஸ்டர். "பூட்டியும் வச்சிருந்தோம்."

அதிகாரி கதவைப் பார்த்தார். மஞ்சளும் மூன்று பொட்டும்தான் இருந்தன. "எங்க எழுதியிருக்கு? யாரு அழிச்சது?"

பெரியப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி அந்தப் பக்கம் திரும்பியதும் ஹெட்மாஸ்டர் பெரியப்பாவின் பக்கத்தில் போய்ச் சொன்னது என் அம்மாவுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.

"அரசாங்க எழுத்த அழிச்சது கேஸ் ஆயிடுங்க. நான் ஒங்க பேரச் சொல்லல. புள்ள தானா உள்ள போயிட்டுதுன்னே இருக்கட்டும்."

பெரியப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஒரு தலையாட்டல்.

பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். "சாவி யாருகிட்டடா இருந்துச்சு?"

"எங்கிட்டதான் சார். எனக்குத் தெரியாம எடுத்துக்கிட்டுப் போயிட்டா சார்."

அரைஞாணில் முடிச்சுப் போட்டிருந்த சாவியை! உன் அம்மா குளிப்பாட்டும்போதே அவிழ்க்க முடியாமல் அப்படியே தண்ணீர் ஊற்றிய முடிச்சை! அதிகாரிக்கு அது தெரியாது. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"வேற யாராச்சும் பாத்தீங்களா?" என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கைக்கு மேலே கிள்ளினார். தோல் திரும்பும்படி கிள்ளினார். பெரியப்பா ஜெயிலுக்குப் போய்விடுவார் என்று பயம். "தெரியாது சார்" என்றேன். நீங்கள் எல்லோரும் அதையே சொன்னீர்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தர், வாய்பாடு மாதிரி.

பொங்கல் கழித்து அக்கா வந்தாள். கக்கத்தில் கட்டை. அவளுக்காக யாரும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் போதும். அவளே சொன்னாள். "அவன்தான் தொறந்து வுட்டு எடுத்தாரச் சொன்னான்." பெரியப்பா அதைக் காதில் வாங்கியதே இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "நீ ஏண்டி உள்ள போன?" அவளை முதலில் உள்ளே அனுப்பியவர் கேட்கிறார். அவள் சொல்வது உண்மை என்றால், கதவைத் திறக்கும்படி ஆக்கியது அவர் கை மண்ணெண்ணெய்தானே. அதனால் அவருக்கு அவள் பொய் சொல்லியாக வேண்டியிருந்தது. இது எனக்கு இந்த வயசில் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. அந்தப் படிகளில் கட்டையோடு ஏற முடியாது. ஊரில் 'சொல்பேச்சு கேக்காதவ' என்று பெயர். எங்களுக்கெல்லாம் புத்திமதி சொல்லும்போது அவளைத்தான் காட்டுவார்கள். கல்யாணம் ஆகவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை என்று முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். இப்போதும் போகிறாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியில் ரேகை கிடையாது. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் ஒவ்வொரு மாதமும் மல்லுக்கு நிற்கிறாள். பெரியப்பா, தண்ணீரில் கண்டம் என்று சாகும்வரை கிணற்றை எட்டிப் பார்க்காதவர், கட்டிலில் படுத்தபடி செத்தார். கடைசி வரைக்கும் மகளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு நாள் டிப்போவிலிருந்து வந்து, "என் வண்டிய கண்டம் பண்ணிட்டாங்க" என்றார்.

"ஐயையோ, என்னா பரிகாரமாம்?"

அவர் சிரித்தார். "பரிகாரமா? பழைய இரும்புக்குப் போடுவான். கண்டம்னா இனிமே ஓட்டக்கூடாது, ஒதவாதுன்னு தள்ளுறது. இங்கிலீசு வார்த்த, கண்டெம். எல்லா ஆபீஸ்லயும் அப்புடித்தான் சொல்லுவாங்க."

நான் கையில் வைத்திருந்த சொம்பைக் கீழே வைத்தேன். பிறகு பஸ் ஏறி ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். கொட்டை உடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப அப்பா அழிச்சது இங்கிலீசையா?" என்றாள். பிறகு, "ஒனக்குத்தான் தெரியுமே, அவன் சொல்லித்தான் போனேன்னு. நீ ஏண்டி அன்னிக்குச் சொல்லல?" என்றாள். அதுவரை அவள் அதை என்னிடம் கேட்டதில்லை. அம்மா கிள்ளினார் என்று சொன்னேன். அவள் தன் கட்டையைப் பார்த்தாள்.

போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சிவப்புப் பெயிண்டில் 'பழுதடைந்த கட்டடம், அருகில் செல்லாதீர்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அன்றைக்கு இப்படி எழுத எவ்வளவு தார் கூடுதலாகச் செலவாகியிருக்கும்? நாலு தூணில் இரண்டு நிற்கிறது. கூடத்தில் மேலே வானம். வடக்கு அறை இருந்த இடத்தில் எருக்கஞ்செடி. நத்தைக் கல் மட்டும் கிடக்கிறது, நடுவில் விரிசலோடு. அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கான்டிராக்டரின் ஆளைக் கேட்டேன்.

"கல்லு எல்லாம் மொத்தமாப் பேசியாச்சும்மா. திங்கக்கெழம மிசின் வந்துரும்."

"இந்த ஒரு கல்லுதான் தம்பி."

"ஒண்ணு குடுத்தா ஒம்பது பேரு கேப்பாங்கம்மா."

அக்கா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. விழா மலரை மடியில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு, விரலை வைத்துத்தான் படிப்பாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"த-டை-யை மீ-றி" என்றாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "இன்னுமாடி?"

அவள் அழவில்லை. மலரை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "வூட்டுக்குப் போவலாம். ஒல வைக்கணும்" என்றாள்.

இதை எழுதுவதால் அவளுக்குக் கால் முளைக்காது. ஹெட்மாஸ்டர் இல்லை, ஓவர்சியர் இல்லை, பெரியப்பா இல்லை, என்னைக் கிள்ளிய அம்மா இல்லை. திங்கட்கிழமை கட்டடமும் இருக்காது. அதற்குப் பிறகு மிஞ்சப்போவது நீ அச்சடித்த அந்த ஒரு வரி மட்டும்தான். நாளைக்கு யாராவது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் கதையைத் தேடினால் அதைத்தான் படிப்பார்கள். நீ பயந்தாய், உனக்குப் பத்து வயசு. அதை நான் மன்னித்துவிடுவேன். நானும்தான் பயந்தேன். ஆனால் இந்த வரியை எழுதியபோது உனக்குப் பத்து வயசு இல்லை. யாரும் உன்னைக் கேட்கவில்லை. அந்தச் சம்பவத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். நீயாக உட்கார்ந்து, பேனாவை எடுத்து, அவளை இரண்டாவது தடவை உள்ளே அனுப்பியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவளோடு வருவேன். முதல் வரிசையில் உட்காருவோம். என்னோடு படித்தவர்கள் யாருக்காவது வாய் இருந்தால் வந்து பக்கத்தில் உட்காருங்கள். வரமாட்டீர்கள் என்று தெரியும். தலைவரே, என் வீட்டுக்கு வந்து தனியாகப் பேச வேண்டாம். ஆள் விட்டுச் சொல்ல வேண்டாம். சால்வை போட்டு முடித்ததும் மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க, அவள் கேட்க, இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்:

உன் அரைஞாண் முடிச்சை அவிழ்த்தது யார்?